விரிகுடாவின் படங்கள்

லெஹுபாங் தீவு
12 மார்ச் 2017

அன்புள்ள மெய்ஸ்கே,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாம் பிரிந்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. இப்போதுதான் எழுத மனம் வந்ததா என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. முணுமுணுத்துவிட்டு மேலே படி.

எங்கள் விரிகுடாவை மண்ணடித்து மூடித் துறைமுகம் கட்ட ஒரு கம்பெனி வந்திருக்கிறது. போன வருஷம் கடல் சூடாகிப் பவளம் முழுக்க வெளுத்துப்போனதே, அதைப் பார்த்துவிட்டு, "இங்கே உயிருள்ள பவளம் எப்போதும் இருந்ததில்லை, வெறும் செத்த கல்" என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். மே மாதம் மாவட்டத் தலைநகர் தஹுனாவில் விசாரணை.

நீயும் நானும் வருஷம் தவறாமல் கடலில் இறங்கி எடுத்த படங்கள்தான் ஊருக்கு இருக்கும் ஒரே சாட்சி. 2010-லும் இதே மாதிரி வெளுத்து, பிறகு அது மெல்ல மெல்ல உயிர் பிடித்ததையும் நாம் எடுத்திருக்கிறோம். செத்ததுபோலக் கிடப்பது திரும்பி வரும் என்று காட்ட அது போதும்.

என்னிடம் இருந்த டிவிடிகளைப் பிஸ்கட் டப்பாவோடு இந்தக் கப்பலில் அனுப்புகிறேன். இங்கே எந்தக் கம்ப்யூட்டரும் அவற்றைப் படிக்க மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரின் கோளாறாக இருக்கும். புகையிட்ட சூரைமீன் இரண்டும் டப்பாவுக்கு மேலே கட்டியிருக்கிறேன், உனக்குத்தான்.

ஹெங்கி

*

மனாடோ
21 மார்ச் 2017

அன்புள்ள ஹெங்கி,

மீன் வந்தது. ருசியாக இருந்தது. டிவிடிகளும் வந்தன. அவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

கோளாறு உன் கம்ப்யூட்டரில் இல்லை. மூடியைத் திறந்ததும் தட்டுகளின் வெள்ளிப்பூச்சு செதில் செதிலாகக் கையோடு வந்தது. உப்புக்காற்று ஓரத்தில் நுழைந்து உள்ளே போய்விட்டது. சிலவற்றில் பூஞ்சை கொடிபோலப் படர்ந்திருக்கிறது. கடையில் மலிவாகக் கட்டுக்கட்டாக விற்ற தட்டுகள் அவை. வாங்கும்போதே நான் சொன்னேன், நீ கேட்கவில்லை. போகட்டும்.

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறதே என்ற தைரியத்தில் அலமாரியிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்தேன். பிரிந்தபோது துணியில் சுற்றி வைத்தது. அதன் பிறகு ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. செருகினால் டிக் டிக் என்கிறது, சுழல மறுக்கிறது. பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். "டீச்சர், இத அப்பப்ப ஓட விட்டிருக்கணும். சும்மா வச்சா உள்ள ஒட்டிக்கும். நான் தொறந்தா இன்னும் கெட்டுடும், வேணாம்" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கடைசியாக, நீ ஒருமுறை பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த பென் டிரைவ். அதைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொண்டது, ஆனால் பாதிக்கு மேல் படங்கள் திறக்கவே இல்லை. திறந்தவையும் சாம்பல் பட்டையாக இருக்கின்றன. மின்சாரம் படாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதன் நினைவு கசிந்துவிடுமாம். எனக்கு இப்போதுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்த எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரில் யாரிடமும் எதையும் உறுதியாகச் சொல்லிவிடாதே.

மெய்ஸ்கே

*

லெஹுபாங்
2 ஏப்ரல் 2017

மெய்ஸ்கே,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே தேவாலயத்தில் எழுந்து நின்று, படங்கள் இருக்கின்றன, கவலை வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

நேற்று மீன் விற்கும் மார்த்தினா படகுத்துறையில் பிடித்துக்கொண்டாள். "என்ன ஹெங்கி, படம் வந்துச்சா?" என்றாள். இல்லை என்றேன். "வருமா?" என்றாள். நான் வலையை மடிக்கத் தொடங்கினேன். "சரி, மூஞ்சியே சொல்லுது. நான் யார்கிட்டயும் சொல்லல, நீயும் சொல்லாத. அவ மெய்ஸ்கே பொருள வீணா விடுறவ இல்ல" என்றாள்.

இந்த ஊரில் இன்னும் என்னைவிட உன்மேல்தான் நம்பிக்கை அதிகம். அது எனக்கு வருத்தமில்லை. அந்த நம்பிக்கை பொய்த்துவிடுமோ என்றுதான் சோறு இறங்கவில்லை.

ஹெங்கி

*

மனாடோ
19 ஏப்ரல் 2017

அன்புள்ள ஹெங்கி,

முதலில் சாப்பிடு. படங்கள் கிடைத்துவிட்டன. எல்லா வருஷமும் கிடைத்துவிட்டது.

நம்மோடு முன்பு முக்குளித்த ஃப்ரெட்ஸை நினைவிருக்கிறதா? இப்போது இங்கே ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் பொறியாளராக இருக்கிறான். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கைப் படிக்க வழி உண்டா என்று கேட்கத்தான் போனேன். அவன் என்னைப் பார்த்ததும், "நல்லவேள வந்த. உன் பேரு எழுதுன டேப்பு ஒண்ணு எங்க ரூம்ல கெடக்குது. வேணுமா, தூக்கிப் போட்ரவா?" என்றான்.

நாம் ஒரே மேசையில் சாப்பிட்டும் பேசிக்கொள்ளாமல் இருந்த அந்த வருஷம், எல்லாப் படங்களையும் அவர்களுடைய காந்த நாடாவில் ஏற்றித் தரச் சொல்லி அவனிடம் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லும் நிலையில் நாம் இல்லை. பிறகு வீடு மாறிய களேபரத்தில் நானே மறந்துபோனேன். அது பாட்டுக்கு அவர்களுடைய குளிரூட்டிய அறையில், ஈரம் படாமல், செய்தி நாடாக்களோடு நின்றிருக்கிறது.

அதோடு முடியவில்லை. அவர்களுடைய புதிய இயந்திரம் அவ்வளவு பழைய நாடாவைப் படிக்காதாம். பழைய இயந்திரம் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. ஃப்ரெட்ஸ் அதை இழுத்துவந்து துடைத்து, இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். "பொருளு நல்லா இருந்தா மட்டும் பத்தாது, படிக்கிற மெஷினும் உசுரோட இருக்கணும். உன் நேரம், இது இன்னும் சாகல" என்றான். நாடா சுற்றத் தொடங்கியது. திரையில் ஒவ்வொரு வருஷமாக வந்து நின்றது. வெளுத்த வருஷம், அதற்கடுத்த வருஷத்தின் மங்கிய பழுப்பு, அதற்கும் பிறகு பவளம் புதிதாக வளரும் அந்த நீல முனைகள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வெளியே போய்ப் பொரித்த வாழைக்காயும் மிளகாய்ச் சம்பலும் வாங்கிவந்தான். முழுத்தட்டையும் நானே தின்றுவிட்டேன்.

இரண்டு புதிய ஹார்ட் டிஸ்கில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒன்று கப்பலில் வருகிறது, மற்றது விமானத்தில். எது முதலில் வந்தாலும் மார்த்தினாவுக்குக் காட்டு.

மெய்ஸ்கே

*

லெஹுபாங்
23 மே 2017

அன்புள்ள மெய்ஸ்கே,

மண்ணடிக்க அனுமதி இல்லை. துறைமுகத்தைத் தீவின் கிழக்கே, பழைய படகுத்துறையை ஒட்டிக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நேற்றுதான் தாள் வந்தது. ஊரே படகுகளில் ஏறித் தட்டு, சட்டி எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு விரிகுடாவைச் சுற்றியது. எனக்குச் சத்தம் போடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மத்தியானம் முழுக்கத் தூங்கினேன்.

விசாரணையை நீ பார்த்திருக்க வேண்டும். படங்களை வரிசையாகக் காட்டினேன். கம்பெனி ஆள் மரியாதையாகத்தான் கேட்டார்: "அழகான படங்கதான். ஆனா இது இந்த விரிகுடாதான்னு எப்படிச் சொல்றீங்க? வேற தீவா இருக்கலாமே." நான் பதில் தேடுவதற்குள் மார்த்தினா எழுந்துவிட்டாள்.

"ஐயா, அந்தப் படத்தப் பெருசாக்குங்க. இன்னும். அந்த ஓரத்துல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுலதான் எங்கப்பா படகு மோதி ஒடஞ்சுது. செகப்புப் பெயின்ட்டு ஒட்டியிருக்கா, இல்லையா?"

பெரிதாக்கினார்கள். ஒட்டியிருந்தது.

"வாங்க, இப்பவே கூட்டிட்டுப் போறேன். அந்தக் கல்லு இன்னும் அங்கதான் நிக்குது. பெயின்ட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. கோட்ட மட்டும் கழட்டி வச்சிட்டு வாங்க" என்றாள். தலைமை அதிகாரி சிரித்துவிட்டார். மறுநாள் அவர்கள் உண்மையிலேயே வந்து பார்த்தார்கள்.

நன்றி என்று எழுதினால் நீ கோபப்படுவாய், அதனால் எழுதவில்லை. ஒரு கேள்வி மட்டும். இனி இவற்றை எதில் வைப்பது? கெடவே கெடாத ஒரு பொருளைச் சொல், வாங்கிவிடுகிறேன். இன்னொரு முறை இந்தப் பயத்தை என்னால் தாங்க முடியாது.

ஹெங்கி

*

மனாடோ
10 ஜூன் 2017

அன்புள்ள ஹெங்கி,

மார்த்தினா பேசியதைப் படித்து இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலும் சொன்னேன்.

கெடவே கெடாத பொருள் கிடையாது. ஃப்ரெட்ஸையும் கேட்டேன், நூலகத்தில் இருப்பவர்களையும் கேட்டேன், எல்லாரும் அதையே சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாகும். அதனால் வெவ்வேறு விதமாகச் சாகிற பொருட்களில், வெவ்வேறு ஊர்களில் வைக்க வேண்டும்.

இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஃப்ரெட்ஸிடம் புதிய நாடாவில் ஒரு பிரதி. அவர்கள் இயந்திரம் மாற்றும்போதெல்லாம் நம்முடையதையும் புதிய நாடாவுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க், உன்னிடம் ஒன்று, வெவ்வேறு கம்பெனித் தயாரிப்பு. அலமாரியில் உறங்கவிடாமல் அவ்வப்போது ஓட்ட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கைரேகைபோல ஒரு எண் போட்டிருக்கிறேன். ஓட்டும்போது அந்த எண் மாறியிருந்தால் படம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே மற்றவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். முக்கியமான படங்களை மட்டும் கல்லில் பொறித்ததுபோல எழுதுகிற தட்டுகளில் ஏற்றி அனுப்புகிறேன். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாது, நீண்ட காலம் தாங்கும் என்கிறார்கள். அதையும் நம்பிச் சும்மா இருந்துவிடாதே. ரப்பர் மூடி போட்ட பெட்டியும், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் உள்ளே இருக்கின்றன. பென் டிரைவ் எடுத்துப்போக மட்டும்தான், வைத்துக்கொள்ள அல்ல.

இணையத்தில் போடலாமே என்பாய். உங்கள் தீவிலிருந்து ஒரு படம் ஏறி முடிப்பதற்குள் பவளம் ஒரு சாண் வளர்ந்துவிடும். அந்த வேலையை இங்கிருந்து நான் செய்கிறேன்.

பிஸ்கட் டப்பாவையும் திருப்பி அனுப்புகிறேன், அதில் பிஸ்கட் வை.

மெய்ஸ்கே

*

லெஹுபாங்
28 செப்டம்பர் 2017

அன்புள்ள மெய்ஸ்கே,

எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு எண்ணும் மாறவில்லை. வெளியில் மழை, உள்ளே நான் ஒவ்வொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தது.

இத்தனை வருஷ இடைவெளிக்குப் பிறகு இந்த வருஷப் படங்களும் எடுத்துவிட்டேன். வடக்குப் பக்கத்தில் நீல முனை தெரிகிறது, நான் கற்பனை செய்யவில்லை. உன் பிரதியில் சேர்த்துக்கொள்.

ஹெங்கி

*

மனாடோ
9 அக்டோபர் 2017

அன்புள்ள ஹெங்கி,

படங்கள் பழுதில்லாமல் வந்தன. ஃப்ரெட்ஸிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். நீல முனைகள் உண்மைதான், எண்ணிப் பார்த்தேன், நீ சொன்னதைவிட அதிகம் இருக்கிறது.

ஆனால் வேறொன்றும் தெரிகிறது. பழைய படங்கள் எல்லாவற்றிலும் பவளத்தின்மேல் வைக்கும் அளவுச் சட்டத்தின் ஓரத்தை என் கைகள் பிடித்திருக்கும், நீ மேலே மிதந்து படம் எடுப்பாய். இந்த வருஷப் படங்களில் சட்டத்தின் நான்கு மூலையிலும் கல் வைத்திருக்கிறது. ஒன்றில்கூட வேறு யாருடைய கையும் இல்லை. அவ்வளவு ஆழத்தில் நீ தனியாக இறங்கியிருக்கிறாய்.

இதைப் பற்றிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. விடுப்பு வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். மார்த்தினா வீட்டில் தங்கிக்கொள்கிறேன், அவளிடம் சொல்லியாகிவிட்டது. என் காற்றுக் கலத்தை நானே கொண்டுவருகிறேன். தெற்குப் பக்கம் இன்னும் எடுக்கவில்லையே, அதைச் சேர்ந்தே எடுப்போம்.

அதுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதே.

மெய்ஸ்கே