முதல் பாகத்தில் இறந்த என் கணவருக்குப் பட்டா கோரி

அனுப்புநர்:
க. சாமியம்மாள்,
க/பெ கருப்பண்ணன்,
கூடலம்பாறை,
கல்வராயன்மலை,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: நிலப் பட்டா – கூடலம்பாறை – என் கணவர் சினிமாவில் மட்டுமே இறந்தமை – பயனாளிகள் பட்டியலில் உயிருடன் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்னர் அளித்த மனுக்கள் (அவை இப்போது செல்லாது, காரணம் பத்தி 6-இல் காண்க).

மதிப்பிற்குரிய அய்யா,

1. எங்கள் குடும்பம் என் மாமனார் காலத்திலிருந்து சாமை விதைத்துவரும் கொல்லைக்கு இம்மாத இறுதியில் நடக்கும் விழாவில் பட்டா வழங்குவதாக இருந்தது. விண்ணப்பம் என் கணவர் கருப்பண்ணன் பெயரில் உள்ளது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'இறந்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறது. பட்டா கிடைக்காவிட்டால் நாங்கள் இனி அந்தக் கொல்லையில் ஏர் கட்ட முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என் கணவர் இன்று காலை என்னுடன் பஸ்ஸில் வந்தார். ஜன்னலோர இருக்கைக்காகக் கண்டக்டரிடம் சண்டையும் போட்டார். இறந்தவர்கள் இவ்வளவு பேச மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

2. நடந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் 'அண்டவாசல்' என்ற விஞ்ஞானப் படம் எடுக்க ஒரு கம்பெனியார் எங்கள் ஊருக்கு வந்தனர். பார்ப்பதற்கு வேற்றுக் கிரகம் போலவே இருக்கிறது என்று மகிழ்ந்தார்கள். சாலை இல்லாததும் விளக்குக் கம்பம் இல்லாததும் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயின. என் கணவருக்கு அந்தக் கிரகத்துத் தலைவர் வேடம் கொடுத்தார்கள். பச்சை வெளிச்சம் பட்டுச் சாக வேண்டும். மிக நன்றாகச் செத்தார். கள்ளக்குறிச்சி தியேட்டரில் விசில் பறந்தது. பக்கத்து இருக்கையில் அவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தபோதே நான் அழுதேன்.

3. எங்கள் ஊர் இளைஞர் மன்றத் தலைவர் இளவரசன். எங்கள் பக்கத்தில் பிறந்தநாள், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் பிளெக்ஸ் வைக்காமல் நடக்காது. படத்தில் நடித்த ஒரே ஊர்க்காரருக்கு ஒரு பிளெக்ஸ் வேண்டாமா என்று அவரும் மன்றத்துத் தம்பிகளும் கூடிப் பேசினார்கள். செத்ததுதானே அவர் நடிப்பு? ஆகவே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, என் கணவரின் நிஜப் புகைப்படம், நிஜப் பெயர், ஊர் எல்லாம் அச்சடித்து, 'மறைவு' என்ற இடத்தில் படம் வெளியான தேதியைப் போட்டு, மலை ஏறும் வளைவில் கட்டிவிட்டார்கள். திறந்துவைக்க என் கணவரையே அழைத்திருந்தார்கள். அவரும் போய் மாலை போட்டுவிட்டு வந்தார்.

4. அந்த வாரமே பட்டாவுக்கு இடம் பார்க்க ஜீப்பில் அலுவலர்கள் வந்தனர். நாங்கள் இருவரும் புளி விற்க உளுந்தூர்பேட்டை போயிருந்தோம். வீடு பூட்டியிருந்தது. வந்தவர்கள் பிளெக்ஸ் முன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் மௌனமாக நின்றார்களாம். அந்த மரியாதைக்கு எங்கள் குடும்பம் நன்றி தெரிவிக்கிறது. அதன்பின் பட்டியலில் அவர்கள் எழுதியதற்குத்தான் இந்த மனு.

5. அவர்கள் எந்த அலுவலகத்தார் என்று நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் இதற்கு இன்னொரு பாகம் வந்துவிடும். சினிமாவில் போன உயிரைச் சினிமாவாலேயே மீட்கலாம் என்று நம்பியது எங்கள் ஊர் செய்த இரண்டாவது தவறு. இரண்டாம் பாகத்தில் என் கணவர் ஆவியாக வந்து கதாநாயகனுக்கு வழி காட்டினார். அந்தப் போஸ்டரை எடுத்துக்கொண்டு போனோம். ஆவிக்குப் பட்டா தர விதியில் இடமில்லை என்றார்கள். அடுத்து, முதல் பாகத்துக்கும் முன்னால் நடந்த கதை என்று ஒரு படம் எடுத்தார்கள். அதில் என் கணவருக்கு முடிக்குக் கறுப்புச் சாயம் அடித்து, இளந்தாரியாக, முழு உயிருடன் காட்டினார்கள். தம்பிகள் 'மீண்டு வந்த அண்ணனே வருக' என்று பிளெக்ஸ் வைத்தார்கள். அனுமதி பெறவில்லை என்று அதிகாரிகள் அதை மறுநாளே அவிழ்த்துவிட்டார்கள். அஞ்சலி பிளெக்ஸ் மட்டும் இரண்டு மழைக்காலம் தாண்டி நின்றது. அலுவலகத்தில் அந்த இளந்தாரிப் படத்தின் போஸ்டரையும் காட்டினேன். "யம்மா, அது முன்னாடி நடந்த கதை. செத்தவன் எல்லாம் முன்னாடி உசுரோடதான் இருந்தான். அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?" என்று கேட்டார்கள். அது சரிதான் என்பதால் நான் வாதாடவில்லை. என் பின்னால் கைகட்டி நின்ற என் கணவரும் தலையாட்டினார்.

6. இவ்வாண்டு அந்தக் கம்பெனியார் 'அண்டவாசல்' என்று அதே பெயரில், பாகத்தின் எண் இல்லாமல், மறுபடியும் ஒரு படம் வெளியிட்டுள்ளார்கள். இதற்கு ரீபூட் என்று பெயராம். முன்பு வந்த படங்களில் நடந்தது எதுவும் நடக்கவே இல்லை, கதை இப்போதுதான் தொடங்குகிறது என்று அர்த்தமாம். அப்படியானால் என் கணவர் சாகவே இல்லையே என்று சந்தோஷமாக மலை இறங்கினேன். அலுவலகத்திலும் ரீபூட் நடந்திருந்தது. புதிதாக வந்த அதிகாரி, பழைய மனுக்கள் எதுவும் தம் காலத்தவை அல்ல என்றும், முதலிலிருந்து தொடங்கும்படியும் கூறினார். ஆனால் 'இறந்துவிட்டார்' என்ற ஒரு சொல் மட்டும் பழைய பாகத்திலிருந்து அப்படியே தொடர்கிறது. கம்பெனியாரும் புதுப் படத்தில் தலைவர் வேடத்துக்குச் சென்னைக்காரர் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அவர் கடைசி வரை சாகவில்லை. அவருக்குப் பட்டா தேவைப்படுவதாகவும் தெரியவில்லை.

7. அலுவலகத்தில் நல்ல மனம் கொண்ட ஒருவர் எனக்கு எளிய வழி சொன்னார். நான் விதவை என்று மனு கொடுத்தால், ஊரில் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், பட்டா என் பெயருக்கே வந்துவிடுமாம். புகைப்படம் மட்டும் பொட்டும் தாலியும் இல்லாமல் எடுத்துவர வேண்டுமாம். இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "போய் எடுத்துக்கினு வா. ஒருவாட்டி செத்தாச்சு, இன்னொருவாட்டி சாவுறதுல இன்னா கொறஞ்சிடப் போவுது? கொல்லை நம்ம கையில இருந்தா போதும்."

8. அய்யா, இதுவரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இந்தப் பத்தியைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. நான் போட்டோ ஸ்டுடியோ வரை போனேன். பொட்டை அழிக்கக் கையும் தூக்கினேன். வெளியே வெயிலில் அவர் எனக்காக டீ வாங்கி, ஆறிவிடக் கூடாது என்று துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கை வரவில்லை. நிலம் இல்லாமல் எப்படிப் பிழைப்போம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் இவரைச் சாகடித்துவிட்டு அந்தக் கொல்லையில் யாரோடு போய் விதைப்பேன்? அந்த எளிய வழிக்கு நான் சம்மதிக்கவில்லை.

9. ஆகவே என் கணவர் உயிருடன் இருப்பதைத் தாங்களே நேரில் பார்த்து, 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை அடித்து, விழாவுக்கு முன் அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். கையால் தொட்டும் பார்க்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார். சாமை விதைக்கும் பருவம் தொடங்கிவிட்டது. மழை அடுத்த பாகம் வரைக்கும் காத்திராது.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி, கூடத்தில் காத்திருக்கும்,

(ஒப்பம்) க. சாமியம்மாள்
க/பெ கருப்பண்ணன்

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 16.06.2025

இணைப்பு:
என் கணவர் கருப்பண்ணன் – அசல் – 1. சரிபார்த்தபின் திருப்பித் தரவும்.