அவர் கனைப்பும் அலமாரிச் சீட்டும்

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசைக்குப் போகும்போது இரண்டு குடை எடுத்துப் போய்விட்டேன். கோயில் வாசலில் ஷேரன் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணு யாருக்கும்மா?" என்றாள். வெயிலுக்கு ஒன்று மழைக்கு ஒன்று என்று சொன்னேன். மகளிடம் பொய் சொன்னால் பாவமா? ஞாயிற்றுக்கிழமை வேறு.

என் போன் நிரம்பிவிட்டதாம். ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. எல்லாம் என் வீட்டுக்காரர் இருந்தபோது அனுப்பிய குரல் மெசேஜ். நாலு வருசமாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று. கடை வேனை ஓட்டிக்கொண்டு பாலத்து நெரிசலில் மாட்டினால் ஒரு மெசேஜ், செலார் மீன் பார்த்தால் ஒரு மெசேஜ், மழை வந்தால் துணி எடு என்று ஒரு மெசேஜ். பேசுவதற்கு முன்னால் ஒரு கனைப்பு கட்டாயம். "க்க்ஹூம்... டோரா, செலார் நல்லா இருக்கு, வாங்கவா?"

நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவேன். அவ்வளவுதான். நாலு வருசத்துக்கும் கட்டைவிரல்.

2024 ஆகஸ்ட் 31, சனி

விடுமுறை. ஷேரன் போனை வாங்கி எண்ணிப் பார்த்தாள். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. மனுஷனுக்கு வாய் வலிக்கவில்லையா?

அக்டோபர் 12 அவருக்கு வருசத் திதி. வீட்டில் ஜெபம் வைக்கிறோம். அன்றைக்கு அப்பா குரலைப் போடலாம்மா என்கிறாள். வண்டிச் சத்தம், ஹாரன், மார்க்கெட் ஸ்திரீட் கடைப் பாட்டு எல்லாம் எடுத்துவிட்டுக் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதப் போகிறாளாம். கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம்கூட முடியவில்லை. செய்யட்டும் என்று விட்டேன். அவளும் அழ ஒரு இடம் வேண்டுமே.

2024 செப்டம்பர் 5, வியாழன்

சேலைக் கடையில் தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு மட்டும் முப்பத்தொரு சேலைக்கு ஃபால் வைத்தேன். முதுகு எனக்கு இல்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

ஷஃபீக் தம்பி வேனில் பண்டல் ஏற்ற வந்தார். போன வருசம் நாற்பதாம் நாள் முடிந்ததும், தம்பியின் போன் சாக்கடையில் விழுந்த சமயம், என் வீட்டுக்காரர் போனைத் தம்பிக்குத்தான் கொடுத்தேன். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. இப்போது அவர் ஓட்டிய வேனும் போனும் இரண்டும் தம்பியிடம்.

"அக்கா, அண்ணன் போனு எருமை மாடு மாதிரி நகருதுக்கா. ஒரு போட்டோ எடுக்க வுட மாட்டேங்குது."

"அவரு மாதிரியே இருக்குதுன்னு சொல்லு," என்றேன்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

ஷேரன் லாப்டாப் மூன்று தடவை செத்துப் பிழைத்தது. விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்துகிறது. நான் காயப்போட்ட துணி பறந்துவிடும் போல.

என்னடி ஆச்சு என்றேன்.

போனில் சின்னதாக மடங்கி இருக்கிற குரலை வேலை செய்வதற்காகப் பிரித்தால் பெரிதாக ஊதுமாம். சோயா உருண்டையை ஊறவைத்த மாதிரி. அதை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறாள். சத்தம் அளக்க ஒரு வேலைக்காரன், வெட்ட ஒருவன், சுத்தம் செய்ய ஒருவன். புரோகிராமுக்குள்ளே இருக்கிற ஆள்கள். ஒவ்வொருவன் கையிலும் மூட்டையைக் கொடுக்கும்போது லாப்டாப் அதே மாதிரி இன்னொரு மூட்டை செய்து கொடுக்கிறதாம். மூன்று ஆளுக்கு மூன்று மூட்டை, அசல் ஒன்று. இடம் பத்தாமல் மூச்சு முட்டுகிறது.

"கடையில நாங்க அப்படியா செய்யறோம்?" என்றேன். "நாப்பது சேலையை மேல் மாடியிலிருந்து தூக்கிட்டு வந்து காட்டினா இடுப்பு போயிடும். ஒரு சீட்டுல அலமாரி நம்பர் எழுதிக் குடுப்போம். வேணுங்கறவ மேல போய் அங்கேயே வேலையைப் பார்ப்பா. சேலை நகராது. சீட்டு மட்டும்தான் நகரும்."

ஷேரன் என்னைப் பார்த்த பார்வை! "அம்மா, இதைப் படிக்க நாங்க மூணு வருசம் பீஸ் கட்டினோம்லா."

நான் படித்தது ஆறாம் வகுப்பு, தமிழ்ப்பள்ளி. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

2024 செப்டம்பர் 9, திங்கள்

சீட்டு முறை வேலை செய்கிறதாம். லாப்டாப் பூனை மாதிரி இருக்கிறது. சாயந்தரம் எனக்குக் கோழிக் கால் வாங்கி வந்தாள். யோசனைக்குக் கூலி.

2024 செப்டம்பர் 17, செவ்வாய்

கடையில் கலவரம். குமுதா புதுசு, சேர்ந்து ஒரு மாதம். வாடிக்கைக்காரம்மா ஒருத்தி அளவுக்கு என்று பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்துப் புதுத் துணியை வெட்ட வேண்டும். இவள் அளவு ரவிக்கையையே பிரித்து, கையைக் குறைத்து, புதுக் கொக்கி வைத்துவிட்டாள்! புதுத் துணி மடிப்புக் கலையாமல் பக்கத்தில் சிரிக்கிறது.

"ரெண்டும் ஒரே பச்சைக்கா," என்று ஏங்கி ஏங்கி அழுதாள். மேசையில் இரண்டு பச்சை கிடந்ததாம், கை தானாகப் போய்விட்டதாம்.

நான்தான் வாடிக்கைக்காரம்மாவிடம் பேசினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கை அழகாத்தான் இருக்கு," என்று போட்டுக்கொண்டே போய்விட்டார். குமுதாவுக்குச் சூடாக ஒரு கப் மைலோ வாங்கிக் கொடுத்து, "அழாதடி, வேணும்னா செஞ்சே?" என்றேன். அளவு ரவிக்கைக்கெல்லாம் இனி சிவப்பு நூல் ஒன்று கட்டிவிடச் சொன்னேன். சிவப்பு நூல் இருந்தால் பார்க்கலாம், தொடக்கூடாது.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

முடிந்தது என்கிறாள் ஷேரன். அசல் என்று ஒரு பெட்டி, சுத்தம் என்று ஒரு பெட்டி. இரண்டும் லாப்டாப்பில் பத்திரம். என் போனையும் காலி செய்துவிட்டாள். இறகு மாதிரி இருக்கிறது. உடனே மழையைப் படம் எடுத்தேன். மங்கலாக வந்தது.

2024 செப்டம்பர் 29, ஞாயிறு

கேட்டேன்.

யாரோ செய்தி வாசிக்கிற ஆள் பேசுகிறான். "டோரா, செலார் நல்லா இருக்கு, வாங்கவா." சுத்தமாக இருக்கிறது. கழுவிவிட்ட தட்டு மாதிரி.

கனைப்பு எங்கே என்று கேட்டேன். அது இரைச்சல்னு எடுத்திருக்கும்மா என்றாள். சரி, அசலைப் போடு என்றேன்.

போட்டாள். அதிலும் இல்லை.

இன்னொன்று போட்டாள். இல்லை. இன்னொன்று. பாலத்துக் காற்று இல்லை. கடைப் பாட்டு இல்லை. கனைப்பு இல்லை. மூவாயிரத்திலும் இல்லை. "இல்லம்மா இல்லம்மா இரும்மா" என்று விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த மனுஷன் கோயிலுக்குள்ள வந்தா, திரும்பிப் பார்க்காமலே எல்லாருக்கும் தெரியும். அந்தக் கனைப்புதான். முப்பது வருசம் அதை நிறுத்துங்கன்னு திட்டினேன். டாக்டரைப் பாருங்கன்னு திட்டினேன். இப்ப நிறுத்திட்டா எம் மக. ஒரே நாள்ல.

நான் என்னென்னமோ சொல்லிட்டேன். எழுத மாட்டேன்.

2024 செப்டம்பர் 30, திங்கள்

பேசவில்லை. சோறு மேசையில் வைத்தேன். அப்படியே இருக்கிறது.

2024 அக்டோபர் 2, புதன்

லாப்டாப்பைக் கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப் போய்க் காட்டினாளாம். பழையதன் மேலேயே புதுசை எழுதிவிட்டதால் பழையதை எடுக்க முடியாது என்றார்களாம்.

என் அறை வாசலில் நின்றுகொண்டே சொன்னாள், உள்ளே வரவில்லை. "சுத்தம் பண்ற ஆள் கையில மட்டும் நகலைக் குடுத்திருக்கணும்மா. அவனுக்கும் சீட்டைக் குடுத்துட்டேன். அவன் போய் அசலையே சுத்தம் பண்ணிட்டான். நான் அசல்னு ஒரு பேரு வெச்சேன், சுத்தம்னு ஒரு பேரு வெச்சேன். பேருதான் ரெண்டு, வீடு ஒண்ணுதாம்மா. எனக்கு அது தோணல. போனை வேற காலி பண்ணிட்டேன். எனக்கு..." அதோடு நிறுத்திவிட்டாள்.

சீட்டு யோசனை என்னுடையது. அவள் அதைச் சொல்லவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவளும் அளவு ரவிக்கையை வெட்டிவிட்டு வாசலில் நிற்கிறாள். நான் என்ன செய்தேன்? ஊரான் பிள்ளைக்கு மைலோ வாங்கிக் கொடுத்தேன். என் பிள்ளைக்கு?

எழுந்து போய்க் கட்டிக்கொண்டேன். "வேணும்னா செஞ்சே?" என்றேன். இரண்டு பேரும் அழுதது ஆறாவது மாடியிலிருந்து கீழே கார் நிறுத்துகிற இடம் வரை கேட்டிருக்கும். அப்புறம் பசித்தது. மெகி நூடுல்ஸ் போட்டுச் சாப்பிட்டோம். முட்டை இரண்டு.

2024 அக்டோபர் 4, வெள்ளி

ஷேரனுக்குச் சிவப்பு நூல் கதை சொன்னேன். எங்க புரோகிராமிலும் அது இருக்கும்மா என்றாள். சீட்டைக் கொடுக்கும்போதே 'பார்க்க மட்டும்' என்று எழுதிக் கொடுக்கலாமாம். மீறித் தொடப் போனால் புரோகிராமே ஓடாதாம். அப்புறம் ஏன்டி எழுதலை என்றேன். "அவசரம்மா, அப்பாவை சீக்கிரம் கேக்கணும்னு," என்றாள்.

திதிக்குச் செய்தி வாசிக்கிறவரையே போடலாம் என்று முடிவு. குரல் அவருடையதுதானே. பழகிக்கொள்ளலாம்.

பொய்.

2024 அக்டோபர் 7, திங்கள்

ஒழுங்காக எழுதுகிறேன்.

மத்தியானம் ஷஃபீக் தம்பி குவீன் ஸ்திரீட் பக்கம் வேனை நிறுத்திவிட்டு வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றார். தீபாவளிக்குள் போன் மாற்றப் போகிறாராம்.

"இது நிரம்பிக் கெடக்குக்கா. போன வருசமே போன் கடைக்காரன்ட்ட காட்டினேன். உள்ள மூவாயிரம் வாய்ஸ் இருக்கு, அழிச்சுட்டா லேசாயிடும், அழிக்கவான்னு கேட்டான்."

என் ஊசி நின்றது.

"ஒண்ணு போட்டுக் காட்டினான். அண்ணன் குரலு. மீன் வாங்கவான்னு கேக்குறாரு." தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுதாங்க்கா கேட்டேன், ஒங்க சொந்தப் பேச்சு. எப்படிக்கா அழிக்கறது? அதான் ஒரு வருசமா எருமையை ஓட்டிட்டு இருக்கேன். புது போனு வாங்கினா இதை உங்ககிட்டயே குடுத்துடலாமான்னு கேக்க வந்தேன்."

எனக்கு வந்த மெசேஜ் என்றால் அனுப்பிய போனிலும் ஒன்று இருக்கும்தானே! ஒரே பேச்சு, இரண்டு வீடு. எனக்கும் தோன்றவில்லை, படித்தவளுக்கும் தோன்றவில்லை. கைமாறும்போது எல்லாம் அழிந்திருக்கும் என்று அவள் நினைத்தாளாம். நானோ, கொடுத்த பொருளை நினைக்கவே கூடாது என்று இருந்தேன்.

போடு தம்பி என்றேன்.

க்க்ஹூம்.

குமுதா ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி விசிறியைத் திருப்பிவிட்டார். சேலை எடுக்க வந்த ஒரு அம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரிக்க, ஷஃபீக், "ஒண்ணும் இல்லம்மா, அண்ணன் கனைச்சாரு," என்றார். அந்த அம்மா அதற்கப்புறம் சேலை பார்க்கவில்லை. கிளம்பிவிட்டார்.

2024 அக்டோபர் 8, செவ்வாய்

ஷேரன் லீவு போட்டுவிட்டுக் கடைக்கே வந்தாள். போனிலிருந்து நகல் எடுத்தாள். லாப்டாப்பில் ஒன்று, வெளியே மாட்டுகிற தனிப் பெட்டியில் ஒன்று, ஆபீஸ் தோழி ஷாஹிராவிடம் ஒன்று.

"இத்தனை நகல் எடுத்தா இடம் வீண்தானேடி?"

"வீணாப் போகட்டும்மா."

லாப்டாப்பில் அந்தப் பெட்டிக்கு அவள் வைத்த பேர்: சிவப்பு நூல்.

2024 அக்டோபர் 12, சனி

ஜெபம் முடிந்தது. இருபது பேர். குரலைப் போட்டோம். ஹாரன், பாட்டு, பாலத்துக் காற்று, கனைப்பு எதையும் எடுக்கவில்லை. முதல் கனைப்பு வந்ததும் பின்வரிசையில் ஒருவர் பழக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார். எல்லாரும் சிரித்துவிட்டோம். ஜெபம் சொல்ல வந்தவரும்.

இரவில் தனியாக இருக்கும்போது பழைய எண்ணம் வந்துவிட்டது. இவ்வளவு பேசியிருக்கிறார். நான் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசி அனுப்பவில்லை. கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

2024 அக்டோபர் 15, செவ்வாய்

ஷஃபீக் புது போன் வாங்கிவிட்டார். பழையதை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வேனிலேயே இருக்கட்டும் தம்பி, அவருக்கும் ஊர் சுற்றினால்தான் பிடிக்கும் என்றேன். சிவப்பு நூல் ஒன்று சுற்றிக் கொடுத்தேன். வாங்கி நெஞ்சுப் பையில் போட்டுக்கொண்டார்.

2024 அக்டோபர் 18, வெள்ளி

மத்தியான இடைவேளை. பஸ் நிறுத்தம் பக்கம் மீன்காரன் வந்திருந்தான். செலார், கண்ணு பளபள என்று இருந்தது. ஷேரனுக்கு எழுதிக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். விரல் வேறு பொத்தானுக்குப் போய்விட்டது. மைக் படம். அழுத்திப் பிடித்தேன். பின்னால் லாரி ஹாரன், கடைப் பாட்டு. பேசுவதற்கு முன்னால் செருமிக்கொண்டேன்.

"ஷேரன், செலார் நல்லா இருக்கு. வாங்கவா?"

போய்விட்டது. திருப்பி எடுக்கத் தெரியவில்லை. மீன்காரன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

அதைப் பார்த்தேன். குறையாக ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளை கேட்டுவிட்டது, அவ்வளவுதானே.

ஆறு மீன் வாங்கினேன்.