வெரோனோ எழுதாமல் விட்ட பிழைகள்

லொங்கேய்
பெப்ரவரி 16, ஞாயிறு

அன்பு மகள் சாருஜாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், இதை உள்ளபடியே எழுதுகிறேன். நீயும் ஹலிஃபாக்ஸில் சுகமாக இருந்து படிக்கிறாய் என்று அம்மா சொல்கிறா, அதை அம்மா சொன்னதாக மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் உன்னோடு போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்று, நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் உனக்கு முந்தி தானே பதில் சொல்லிவிடுகிறா. அவ தனியாகக் கதைப்பதென்றால் போனைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்குப் போய் உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நிற்கிறா. இரண்டு பேருடைய உடுப்புக்குக் கிழமையில் ஐந்து தரம் மெஷின் ஓடுகிறது. நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

போன கோடையில் எங்கள் ஆட்கள் பார்க்கில் கிரிக்கெட் விளையாட, நான் வழக்கம் போல நாலு நிறப் பேனையோடு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். எலிசா என்று ஒரு பெண் வந்து பார்த்துக்கொண்டே நின்றாள், இந்தப் பகுதியின் பழைய கடதாசிகளைச் சேர்த்து வைக்கிற சின்னச் சங்கம் ஒன்றின் ஆளாம். 1911இல் மொன்றியலில் ஹெரன்ஸ் என்று சம்பளத்துக்கு ஆடுகிற பேஸ்போல் குழு ஒன்று இருந்ததாம், அவர்களின் ஒரு முழு சீசனும் எழுதின புத்தகம் யாருடையவோ கராஜில் கிடைத்ததாம், அதை வாசித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவீர்களா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டு வந்து உதவி கேட்கிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை, உனக்குத் தெரியும். இரண்டு தரம் பஸ் எடுத்துப் போய் அந்தச் சங்கத்தை வெளியில் நின்று பார்த்துவிட்டுத்தான் ஓம் என்றேன். டோர்வல் எயார்போர்ட்டில் இருபத்தாறு வருசம் பெட்டி ஏற்றி இறக்கினவன், பூட்டின பெட்டியைத் தூக்கின உடனேயே சொன்ன நிறையோ இல்லையோ என்று கை சொல்லிவிடும். அந்தப் புத்தகத்தைத் தூக்கினபோதும் கைக்கு ஏதோ சரியாகப்படவில்லை.

ஹெரன்ஸ் தொண்ணூற்றாறு ஆட்டம் ஆடி அறுபத்தொன்றில் தோற்றவர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, தோற்கிறவன் பொய்யாக எழுதுவதென்றால் வென்றதாகத்தானே எழுதுவான். ஆனால் பேஸ்போலில் ஒரு விசயம் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒருவன் பிடியை விட்டால் மைதானமே தலையில் கை வைக்கும், ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் அதை எழுத ஒரு கட்டம் கூடக் கிடையாது. இவர்களுடைய ஆட்டத்தில் விட்டவனுடைய பெயருக்கு நேரே பிழை என்று எழுதி, சீசன் முடியக் கூட்டி வைப்பார்கள். அது பிழையா, இல்லை பந்தை அடித்தவனின் கெட்டித்தனமா என்று தீர்மானிப்பது ஸ்கோரர். எங்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஸ்கோரர், ஓவர் முடிய ஓவர் முடிய ஒருவரை ஒருவர் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வோம். அவர்களுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் மட்டும், அவர் எழுதினதுதான் எழுத்து.

ஹெரன்ஸின் உள்ளூர் ஸ்கோரர் ஒனேசிம் வெரோனோ என்று ஒருவர், அச்சுப் போல எழுத்து. வெளியூர் ஆட்டங்களுக்கு மட்டும் அந்தந்த ஊர்ப் பத்திரிகையில் வந்ததை வெட்டி ஒட்டியிருக்கிறார். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நின்று பந்து பிடிக்கிற வெர்னன் என்ற பெடியனுக்கு வெளியூரில் இருபத்தொன்பது பிழை, உள்ளூரில் மூன்றே மூன்று. இரண்டு இடத்திலும் நாற்பத்தெட்டு ஆட்டம்தான், ஊர் மாறினால் கை மாறுமோ? உள்ளூரில் அவனைத் தாண்டிப் போன பந்தெல்லாம் எதிராளி நன்றாக அடித்ததாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படி எழுதினால் பழி வெர்னனுக்கு வராது, பந்து எறிந்தவனுக்குப் போகும். றெனோல்ட் என்று அவர்களிடம் ஒரு பந்து எறிகிறவன், ஜூலையோடு புத்தகத்தில் அவனுடைய பெயர் இல்லை, வேலையால் நிறுத்திவிட்டார்கள். நான் இதைக் காட்ட எலிசா பழைய சேர்ச் பதிவுகளைக் கிண்டிக் கிண்டி மூன்று கிழமையில் கண்டுபிடித்தாள். வெர்னன் என்பது ஆட்டத்துக்கு வைத்த இங்கிலிஸ் பெயர், அவனும் வெரோனோதான், ஸ்கோரருடைய மகன்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு வேறொரு கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. பொங்கலுக்கு உனக்கு அனுப்பின பார்சல் திரும்பி வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். பிரசாந்த் அண்ணா வீட்டு இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டான் என்று அம்மா சொன்னா. நானும் நம்பி, பொங்கலன்று சாப்பிட வந்த சிவராசா குடும்பம் இருக்க, அத்தனை பேருக்கும் முன்னால், ஒரு விலாசம் ஒழுங்காக எழுதத் தெரியாதோ என்று பிரசாந்தைப் பேசினேன். அவன் வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்த உடனே கராஜுக்குப் போய் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இலக்கம் சரி, தெரு சரி, போஸ்ட் கோட் சரி. அங்கே நீதான் இல்லை. பிறகு ஒரு கொப்பியை எடுத்து, நீ யாருக்கு என்ன சொன்னாய் என்று எழுதிப் பார்த்தேன். மார்கழிப் பரீட்சை முடிந்தது என்று அம்மாவுக்கு, பிந்திப்போட்டார்கள் என்று அண்ணாவுக்கு, நன்றாகச் செய்தேன் என்று எனக்கு. வகுப்பில் இருக்க வேண்டிய திங்கட்கிழமை காலையில் வீடியோவில் வந்தாய், பின்னால் தெரிந்த யன்னலும் பழைய யன்னல் இல்லை.

நீ டொக்டர் படிப்பை விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. படிப்பை விட்டதில் எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் அதுவும் பொய், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை, வீட்டுக்குள் இருக்கிற என்னை நீங்கள் மூன்று பேரும், பிழையென்றால் பிழையென்றே எழுதிவிடுவான் என்று, வெளியூர்ப் பத்திரிகைக்காரன் ஆக்கிவிட்டீர்கள். யோசித்துப் பார்த்தால் அதிலும் என்னுடைய பங்கு இருக்கிறது. கோயிலில், மைதானத்தில், மூலைக்கடை டெப்பனரில் பால் வாங்க நின்ற இடத்தில்கூட என் மகள் டொக்டர் என்று இன்னும் முடிக்காத படிப்பை முடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். அப்படிப்பட்டவனிடம் யார் வந்து உண்மையைச் சொல்வார்கள்.

புத்தகத்தை என்ன செய்யலாம் என்று எலிசா கேட்டாள், வெரோனோ செய்த களவை முன்பக்கத்தில் எழுதலாமா என்றாள். முதலில் ஓம் என்றுதான் வாயில் வந்தது. பிறகு அந்த மனிதன் வெயிலுக்குள் உட்கார்ந்து, மகன் ஒவ்வொரு பந்தையும் விட விட, பேனையைப் பிடித்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பான் என்று நினைத்தேன். அவன் எழுதினதை எழுதினபடியே விடச் சொன்னேன். றெனோல்டின் பெயருக்குக் கீழே மட்டும், இவன் மேல் ஏறின பழியில் பாதி இவனுடையதல்ல என்று ஒரு குறிப்புப் போடச் சொன்னேன். நேற்று பிரசாந்துக்கும் போன் எடுத்து, நான் பேசினது பிழை என்று சொன்னேன். அவன் ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை, பரவாயில்லை அப்பா, பேந்து கதைப்பம் என்றான். அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

நீயும் அவனோடு ஒருக்கால் கதை, உனக்காக வாங்கிக் கட்டினவன். குளிருக்குள் காதை மூடாமல் திரியாதே. அம்மாவில் கோபிக்காதே, அவ நல்ல ஸ்கோரர், ஆனால் பொய் எழுதும்போது மெஷினை ஓட விடுகிறா. என்னுடைய புத்தகத்தில் விட்ட பிடிக்குக் கட்டம் இல்லை மகள், நாற்பது வருசமாக எழுதுகிறேன், ஒரு தரமும் எழுதினதில்லை. எந்த வேலை செய்தாலும், ஒரு வேலையும் செய்யாவிட்டாலும், பிள்ளையார் உனக்குத் துணை இருப்பார், நானும் இருப்பேன்.

இந்தக் கடித உறையில் உன் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன், நீ இப்போது இருக்கிற விலாசம் எனக்குத் தெரியாது. நாளைக் காலை இதை அம்மாவின் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன். அவ என்னிடம் எந்த விலாசம் என்று கேட்காமல் பேனையை எடுத்தால் போதும்.

அன்புடன்
உன் அப்பா
இரவிச்சந்திரன்