பூட்டுக்குத் தெரியாத விரல்

அன்புத் தங்கச்சிக்கு, மாதாப்பூரிலிருந்து அண்ணன் எழுதுவது.

உன் மகன் வீட்டில் நான் ராஜாவாக இருக்கிறேன். துருப்பிடித்து இறுகிப்போன என் பழைய புல்லட் இஞ்சினைப் பால்கனியில் பிரித்துப் போட்டிருக்கிறேன். பேகம்பேட்டிலிருந்து இரண்டு இஞ்சினியர்கள் வந்து கைகட்டி நின்று பார்த்தார்கள். ஏசி ரிப்பேருக்கு வந்தவர்கள்தான், ஆனாலும் என் வேலையைத்தான் பார்த்தார்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயம். இந்த வீட்டுக் கதவை வெளியிலிருந்து திறக்க விரல் ரேகை வேண்டும். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்ததில் என் ரேகை அழிந்துவிட்டது. டீ குடிக்கப் போன அன்று சாயங்காலம்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். அதோடு வெளியே போவதை விட்டேன்.

"பூட்டோட நம்பரையாவது சொல்லுடா" என்று உன் மகனிடம் கேட்டேன்.

"நக்கோ மாமா, வேணவே வேணாம், பெருமைக்கு வாட்ச்மேன்கிட்டயே சொல்லிடுவீங்க. ஒரு மாசம் இஞ்சினைத் தொடாதீங்க, ரேகை தானா வந்துடும்" என்றான்.

தொடவில்லை. நேற்று பூட்டு திறந்தது. கீழே கேட்வரை போனேன். எந்தப் பக்கம் திரும்புவது, யாரைப் பார்ப்பது என்று ஒன்றும் தோன்றவில்லை. மேலே வந்து உப்புத்தாளை எடுத்தேன்.

இன்று பூட்டுக்கு மறுபடியும் என்னைத் தெரியவில்லை. பிஸ்டன் மட்டும் ஒரு நூல் அளவு அசைந்தது. உன் மகனிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்