அக்கா எறிகிற மாதிரி

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை, அதைத்தான் வாரா வாரம் டிவியில் ஊரோடு சேர்ந்து பார்க்கிறோமே. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில் பதினேழு தடவை கூடைக்கு எறிந்தாய், நாலு விழுந்தது. ஒரு காலத்தில் பத்து எறிந்தால் எட்டு விழும். முட்டியில் பலம் இல்லாமல் நீ எம்புவதே இல்லை, கையாலேயே தள்ளுகிறாய், பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்துக் கீழே விழுகிறது. உனக்கு ஆட்டம் தெரியாதும்மா என்பாய். தெரிய வேண்டாம், முப்பது வருஷமாகத் தோள் அளந்து சட்டை தைக்கிறவள் நான், உன் வலது தோள் ஒரு விரல்கடை இறங்கிவிட்டது. டிவிக்காரர் உன்னை இரும்புப் பெண் என்கிறார். நீ பந்தைத் தூக்கும்போதெல்லாம் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். வலிக்கு ஊசி போட்டால் முட்டி ஃபைனல் வரை தாங்கும் என்று கோச் சொன்னதைப் பெருமையாகச் சொன்னாய், எல்லாம் பெயர் நிலைக்கத்தான் என்றாய். நிலைத்துவிட்டது, கேள்.

தெருமுனை கோர்ட்டில் ஆடும் பெண்கள் எல்லாம் இப்போது முழங்கையை வெளியே தள்ளி எறிந்து, இடது காலில் மட்டும் இறங்குகிறார்கள். வலி தாங்காமல் நீ செய்வதை அதுகள் வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. நம் சின்னவளும்தான். நல்ல கால் இரண்டு இருக்க ஒற்றைக்காலில் இறங்கி, செவ்வாய்க்கிழமை முட்டி திரும்பி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தசைநார் கிழிந்திருக்கிறது, இதோடு ஆடினால் இனி ஓடவே முடியாது என்றார். யார் இப்படிக் குதிக்கச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, "எங்க அக்கா இப்படித்தான் எறிவாங்க" என்றாள், அதிலும் ஒரு பெருமை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "பதினெட்டாம் தேதி செலக்‌ஷன் இருக்கும்மா, அக்காவுக்குப் போடற ஊசிய எனக்கும் போடச் சொல்லு" என்றாள்.

அவளை அறைந்துவிட்டேன். அறைந்திருக்க வேண்டியது என்னை. பதினாலு வயதில் உனக்குக் கணுக்கால் வீங்கிக் கிடந்தபோது, வெட்டி வைத்திருந்த சட்டைத் துணியில் பட்டை கிழித்து இறுக்கிக் கட்டி, அழாமல் போய் ஆடு, தேர்வு செய்கிறவர்கள் முன்னால் நொண்டாதே என்று அனுப்பியவள் நான். நீ தேர்வானதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றிலிருந்து நீ வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஃபைனலில் ஆடுவதும் ஆடாததும் உன் இஷ்டம், கால் போனால் உனக்குத்தான் போகிறது. ஆனால் பதினெட்டுக்குள் சின்னவளைக் கூப்பிட்டு, அது வித்தை இல்லை, எனக்கு வலிக்கிறது என்று உன் வாயால் சொல். நான் சொன்னால், உனக்கு ஆட்டம் தெரியாதும்மா என்கிறாள். நேற்று என் துணிப்பெட்டியைக் கிளறிப் பட்டை தேடிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கோப்பையோடு வந்தால் வாசலோடு திரும்பிப் போய்விடு, வீட்டில் அதை வைக்க இடமில்லை. தீர்க்காயுசாக இரு, வயதான காலத்தில் ஊன்றாமல் நடக்க ஒரு காலாவது மிஞ்சட்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

இப்படிக்கு,
அன்று உன் காலைக் கட்டி அனுப்பிய அம்மா