புதன்கிழமைச் சந்தாக்காரர்கள்

என் பாசமுள்ள அத்தா,

சலாம். மண்ணுக்குள்ளே போய்விட்ட உங்களிடமிருந்து பதில் சலாம் வராது என்று தெரியும். இருந்தாலும் வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதுமே சொல்லிப் பழகிய வாய், சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தை எங்கள் புதன்கிழமைக் குழுவின் இணையப் பக்கத்தில் போடப் போகிறோம். முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். உங்களைப் பற்றி மறைப்பதற்கு என்னிடம் கோபம் ஒன்றுதான் உண்டு. அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

முதலில் நல்ல செய்தி. மூணாம் வகுப்போடு நீங்க பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினீங்களே, அந்த உங்கள் மகள் சபியா, இப்போது ஈசூனில் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே இருக்கிற முதியோர் அறையில் வாராவாரம் ஒரு கூட்டம் நடத்துகிறாள். பாட்டுக் கூட்டம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. படிக்கிற கூட்டம். அந்த அறை எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தது. போக விடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் படிப்பது ஃபீட் வழியாக. தமிழில் செய்தியோடை என்று சொல்கிறார்கள். பயப்படாதீங்க, இது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். சிராங்கூன் ரோட்டில் பத்திரிகை ஏஜெண்டாக இருந்தவருக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்?

மெட்ராஸ் கப்பலில் கட்டு வந்து இறங்கும். நீங்க சணல் கயிற்றை அறுத்து, ஒவ்வொரு புத்தகத்தின் மூலையிலும் பென்சிலால் பேர் எழுதுவீங்க. நகைக்கடைக்காரருக்கு சினிமாப் புத்தகம், தையல்கார மாமாவுக்கு மார்க்கப் பத்திரிகை, டீச்சரம்மாவுக்கு அறிவியல் புத்தகம். யார் எதற்குச் சந்தா கட்டினார்களோ அது அவர்கள் வீட்டுக்குப் போகும். கேட்காததை யார் தலையிலும் நீங்க கட்டியது கிடையாது. ஃபீடும் அதேதான் அத்தா. நமக்குப் பிடித்தவர் எழுதுகிற பக்கத்தின் முகவரியை ஃபோனில் ஒரு தடவை சேர்த்துவிட்டால் போதும். அவர் புதிதாக எது எழுதினாலும் நம்மிடம் வந்துவிடும். கப்பல் வேண்டாம், காசு வேண்டாம், வெயிலில் சுமந்து போக ஒரு பிள்ளையும் வேண்டாம்.

அந்தப் பிள்ளை நான்தான். அண்ணன் நானா பள்ளிக்கூடம் போனார், நான் புத்தகம் சுமந்தேன். "பிரிக்காம கொண்டு போ. மடிப்பு விழுந்தா வாங்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பீங்க. ஒரே ஒரு தடவை பிரித்தேன். பஃபலோ ரோட்டில் டீச்சரம்மா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, நிலா ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது என்று ஒரு பக்கம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பக்கம் முடிகிற இடத்தில் 'தொடரும்' என்று போட்டிருந்தது.

டீச்சரம்மா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏண்டி, இது புதுசா பழசா? மடிஞ்சு கிடக்கு. உனக்குப் படிக்கத் தெரியுமா என்ன?"

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?"

அன்றைக்கு அவர் கட்டியிருந்த சேலையின் கரை நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் நீங்க என் கையைப் பிடித்து அதே வாசலுக்கு இழுத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தீங்க. என் வாய்தான் கேட்டது அத்தா. நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இவ்வளவு செய்தும் அந்த அம்மா சந்தாவை நிறுத்திவிட்டார். உங்களுக்கு ஒரு வாடிக்கை போனது. எனக்கு மிச்ச நிலா போனது.

பழைய கதை போதும்.

உங்கள் மருமகன் மௌத்தாகி நான் தனியாளான பிறகு பொழுது போக வேண்டுமே என்று பேத்தி ஃபோனில் வீடியோ காட்டிக் கொடுத்தாள். நான் தேடியது கத்தரிக்காய்ப் பச்சடி. அது காட்டியது மாமியார் மருமகள் சண்டை. சரி, என்னதான் என்று ஒரு சண்டையைப் பார்த்தேன். அதற்கப்புறம் அதைவிடப் பெரிய சண்டையாகக் கொண்டு வந்து கொட்டியது. கண் வலித்ததுதான் மிச்சம், மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. அப்புறம்தான் நூலகத்தில் உதவிக்கு வருகிற ஒரு பெண் இந்த ஃபீடைச் சொல்லிக் கொடுத்தாள். வானத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிற ஒருவரின் பக்கத்தை முதலில் சேர்த்தேன். எனக்கென்று நானே கட்டிய முதல் சந்தா! அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து லிஃப்டில் ஒருவர், "என்ன பாட்டி, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

தனியாகப் படித்தால் யாரிடம் பீற்றிக்கொள்வது? சிநேகிதிகளைச் சேர்த்தேன். ஸ்டெல்லா, சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தினம் ஒரு ஆங்கிலப் பாடம் போடுகிற பக்கம் வேண்டும் என்றாள். சர்ச்சில் ஆங்கிலப் பூசையில் ஒரு நாளாவது எழுந்து நின்று வாசகம் வாசித்துவிட வேண்டுமாம். பரிமளத்துக்குச் சர்க்கரை. அதற்கேற்ற சமையல் எழுதுகிற பக்கம் கேட்டாள். இன்னும் சிலர் வந்தார்கள். புதன் காலையில் அறையைத் திறந்துவிட்டார்கள். அங்கே இருக்கிற டேப்லெட்டில் மாற்றி மாற்றிப் படிப்போம், படித்ததை மற்றவர்களுக்குச் சொல்வோம்.

கொஞ்ச நாளில் ஒரு வினோதம். பாடம் காணாமல் போக ஆரம்பித்தது.

"என் வெந்தயக் கஞ்சி எங்க?" என்று ஒரு புதன்கிழமை பரிமளம் கத்தினாள். "போன வாரம் தலைப்பப் பாத்துட்டுப் போனேன். இன்னிக்கு வந்து தேடுறேன், காணோம்!"

"என்னை ஏன் பாக்குறே? உன் கஞ்சிய நானா குடிச்சேன்?" என்றாள் ஸ்டெல்லா.

"நீதானே எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்துக்கிறே. விரலை வச்சுக்கிட்டு சும்மா இருப்பியா?"

"மாதா சத்தியமா நான் கஞ்சி பக்கமே போகல. என் பாடமும்தான் காணோம். நான் யாரைக் கேக்குறது?"

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் யாரைப் பார்ப்பது? பரிமளம் வருவதை நிறுத்தினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, நாற்காலி உடற்பயிற்சி வகுப்புக்காரர்கள் புதன் காலை அறை தங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். இங்கே ஆள் குறைகிறதே, உண்மையிலேயே ஏதாவது படிக்கிறார்களா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு மேடம் வரப் போகிறார் என்று சேதி வந்தது.

சேதி கொண்டு வந்தவள் ஷாலினி. அறையைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு.

"பாட்டி, கோவிச்சுக்காதீங்க. ஃபீட் எல்லாம் பழசு லா. இப்ப யாரு யூஸ் பண்றா? ஆப்பே உங்களுக்குப் பிடிச்சதக் காட்டும்" என்றாள்.

"எனக்குப் பிடிச்சது எதுன்னு அதுக்கு யாரு சொன்னா?"

"அதுவே கத்துக்கும் பாட்டி."

"அது கத்துக்கும். சரி. நான் எப்பக் கத்துக்கிறது?"

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் உட்கார்ந்தாள். டேப்லெட்டை வாங்கிப் பார்த்தவள், "எல்லாரும் ஒரே அக்கவுண்ட்டா?" என்று கேட்டாள். ஆமாம், என் பேரில் ஒன்றுதான் இருந்தது. கடவுச்சொல்லை எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம் போதாதா என்பதுதான் என் கணக்கு. விஷயம் என்னவென்றால், ஒருவர் தொட்டுத் திறந்ததை அது 'படித்தாயிற்று' என்று உள்ளே தள்ளிவிடுமாம். பரிமளத்தின் கஞ்சியை ஸ்டெல்லா விரல் தள்ளியது, ஸ்டெல்லாவின் பாடத்தை என் விரல் தள்ளியது. எதுவும் தொலையவில்லை. எல்லாம் உள்ளேதான் இருந்தது. ஷாலினி அன்றைக்கே ஆளுக்கொரு கணக்குத் திறந்து, அவரவர் பக்கங்களை அவரவருக்குப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தாள். சரியாகத்தான் கண்டுபிடித்தாள். அதற்காக 'பழசு லா' என்றதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

பரிமளத்தை அழைக்க நானும் ஸ்டெல்லாவும் அவள் வீட்டுக்கே போனோம். கதவைப் பாதி திறந்து, "கஞ்சி கிடைச்சுதா?" என்று கேட்டாள். அவள் பேருக்குத் தனிக் கணக்கு என்றதும் முழுக் கதவும் திறந்தது.

மேடம் வருகிற நாளுக்கு ஷாலினி ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். "இதையே வாசிங்க பாட்டி. நல்லாப் பழகிக்குங்க." பழகினேன். காகிதம் இல்லாமலே ஒப்பிக்கிற அளவுக்குப் பழகினேன். ஆனால் அன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்குள் ஒரு வீம்பு. மனப்பாடம் செய்ததைச் சொல்வதற்கு ஃபீட் எதற்கு? கிளி போதுமே! டேப்லெட்டில் வானத்துக்காரரின் புதுக் கட்டுரை அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் தொடாத தலைப்பு, தடித்த எழுத்தில். ஷாலினி பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"மேடம், இது இப்ப வந்தது. நானும் இன்னும் பாக்கல. வாசிக்கட்டுமா?" என்றேன்.

திக்கினால் அறை போய்விடும். ஸ்டெல்லா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். வாசித்தேன். அடிவானத்தில் நிலா ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். நடுவில் 'வளிமண்டலம்' என்று ஒரு சொல் மறித்து நின்றது. வ... ளி... என்று ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் கூட்டினேன். கூட்டி முடித்து, மறுபடி ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட்டு, மேலே போனேன். கடைசி வரி வரைக்கும் போனேன்.

"என்ன புரிஞ்சுது உங்களுக்கு?" என்று மேடம் கேட்டார்.

"நிலா பெருசாகல மேடம். பிளாக்குக்குப் பக்கத்துல நிக்கும்போது நம்ம கண்ணு ஏமாறுது. கைய நீட்டி, சுண்டுவிரல் நகத்தால மறைச்சுப் பாருங்க. கீழ இருந்தாலும் மறையும், உச்சிக்குப் போனாலும் மறையும்."

அவர் தன்னை அறியாமல் கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தார். பட்டப்பகலில்! பரிமளம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பரிமளம் தன் சமையலைச் சொன்னாள். ஸ்டெல்லா எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாசித்தாள், சர்ச்சில் நிற்பது போலவே.

"இவ்வளவும் உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று போகும்போது மேடம் கேட்டார்.

நூலகத்துப் பெண்ணைச் சொன்னேன், ஷாலினியைச் சொன்னேன். அப்புறம் என் வாயில் தானாக வந்தது: "சந்தா சேக்குறது எங்க குடும்பத் தொழில் மேடம். எங்க அத்தா சிராங்கூன் ரோட்டுல பத்திரிகை ஏஜெண்ட்." சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்ததை நீங்க பார்த்திருக்க வேண்டும். உங்கள் மேல் இத்தனை வருஷக் கோபம் வைத்திருக்கிறவள், உங்கள் பேரைச் சொல்லித்தான் அங்கே நிமிர்ந்து நின்றேன். கோபமும் பெருமையும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று கேட்பீங்களா? இருக்கிறதே, என்ன செய்ய?

அறை எங்களுக்குத்தான் என்று முடிவானது. உடற்பயிற்சிக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு நிபந்தனை: தமிழர்களுக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது, பிளாக்கில் யார் வந்தாலும் சேர்க்க வேண்டும். அதற்கென்ன, வரட்டும் என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

மறு புதன் யார் வந்து நின்றது தெரியுமா? மேடம் லிம். நிர்வாகக் குழு மேடம் இல்லை, எங்கள் மாடித் தளத்தில் குடியிருக்கிற சீனப் பெண்மணி. நடைபாதையில் நான் வைத்திருந்த மிளகாய்த் தொட்டிகளைப் பற்றிப் புகார் எழுதிப் போட்டு, எல்லாவற்றையும் எடுக்க வைத்தவள். காய்த்துக்கொண்டிருந்த செடிகள் அத்தா! அன்றிலிருந்து ஒரே லிஃப்டில் போனாலும் நான் கதவைத்தான் பார்ப்பேன்.

அவள் பாசார் மலாயில் பேசினாள். நீங்க சந்தைக்காரர்களோடு பேசுவீங்களே, அதே மலாய். அவள் புருஷனுக்கு மறதி வந்துவிட்டதாம். சில நாள் இவள் பேரே அவருக்குத் தெரிவதில்லையாம். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று படிக்க வேண்டும். இவளுக்குக் காது மந்தம், வீடியோ உதவாது, எழுத்தாகத்தான் வேண்டும், சீனத்தில் வேண்டும். "நானும் வரலாமா?" என்று கேட்டாள். கேட்கும்போது கதவைப் பார்த்தாள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பரிமளம் என்னைப் பார்த்தாள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தேன். அவள் உட்கார்ந்தாள்.

அத்தா, உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் கேட்டது அவள் கைக்கு வந்து சேரும். சீனத்தில் எனக்கு ஓர் எழுத்து தெரியாது. ஷாலினியைக் கேட்பேன், நூலகத்துப் பெண்ணைக் கேட்பேன், நல்ல பக்கம் கிடைக்கிற வரை யாரையும் சும்மா இருக்க விட மாட்டேன். அது ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்து விழுகிறதா என்று புதன் தவறாமல் நானே பார்ப்பேன்.

மிளகாய்த் தொட்டியை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எண்ணிவிடாதீங்க. அது வேறு, சந்தா வேறு.

பத்திரிகைக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை,
உங்கள் மகள்
சபியா