இரண்டு இடத்திலும் இல்லை என்றேன்

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
ஆவணி, 1985

ஆமாம், கொடுத்தேன். நீ கேட்டதற்குப் பதிலை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நலம் விசாரித்துக்கொண்டே பக்கத்தை ஓட்டிவிடுவேன். அன்பு வசந்தா, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா இருக்கிறார். நான் இருக்கிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான்.

போன கடிதத்தில் அப்பாவுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்று மட்டும் எழுதினேன். நீ பிரான்சில் மார்சே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், ஒரே வரியில் கேட்டுவிட்டாய், அந்த ஊசியோடு வேறு ஏதாவது கொடுத்தாயா அம்மா என்று. இங்கே டாக்டர் சக்கரபாணியும் வாராவாரம் இதையேதான் கேட்டார். அவரிடம் இல்லை என்றேன். உன்னிடம் அப்படி எழுத முடியவில்லை, ஏனென்று தெரியவில்லை, தூரத்தில் இருப்பதால் இருக்கலாம். கன்னத்துப் புற்றுக்குக் கரண்ட் வைத்து ஆறிய புண் அதே இடத்தில் திரும்பி வந்ததும், இனிக் கத்தி வைக்க முடியாது, கரண்டும் வைக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் இந்தப் புது ஊசி மருந்தைப் பற்றிச் சொன்னார். பம்பாயிலிருந்து வருகிறது, சில ஊர்களில் மட்டும் பரீட்சை பார்க்கிறார்கள், புண்ணுக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம், சம்மதமிருந்தால் சேரலாம் என்றார். மருந்துக்குப் பேர்கூட இல்லை, எழுத்தும் எண்ணும்தான். உன் அப்பா இருக்கிற வாயை வைத்துக்கொண்டு, டாக்டரைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி முசே போட்டு, ‘பேரு வெக்காத புள்ளயத் தூக்கி எங்கிட்டக் குடுக்குறீங்க, நான்தான் வளக்கணுமா முசே’ என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து என் பக்கம் திரும்பி, ‘வேற எதுவும் கூடாதும்மா. நாட்டு மருந்து, கஷாயம், எதுவானாலும் எங்கிட்ட சொல்லிடணும். எது நல்லது பண்ணிச்சுன்னும் தெரியணும், எது கெடுத்துச்சுன்னும் தெரியணும்’ என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டும்போதே வில்லியனூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வைத்தியர் தெய்வசிகாமணியின் ஞாபகம் எனக்கு இருந்தது. இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு வந்த யோசனை இல்லை.

அடுத்த வாரமே பஸ் ஏறி அவரிடம் போனேன். அவரும் நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்லி எழுதினால் பாவம். ‘இங்கிலீஷ் மருந்து ஏதாச்சும் ஓடுதாம்மா? ஓடுச்சின்னா சேராங்கொட்ட லேகியம் நான் தரமாட்டேன். ரெண்டும் ஒரு வயித்துல கெடந்து சண்ட போடும்’ என்றார். அங்கேயும் இல்லை என்றேன். எல்லாம் கைவிட்டுவிட்டார்கள், நீங்கள்தான் என்றேன். இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பொய். காலையில் சுண்டைக்காய் அளவு உருட்டி, ரத்தம் ஊறுவதற்கு என்று சொல்லி அப்பாவுக்குக் கொடுத்தேன். எது பெரிய மருந்து என்று எனக்கு எந்தத் தீர்மானமும் இல்லை வசந்தா. ஒன்று கைவிட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ஒன்றை ஒன்று கீழே தள்ளும் என்று நினைக்கவில்லை.

கன்னத்து வீக்கம் வடியத் தொடங்கியது. விரல் நுழையாத வாயில் ஒரு நாள் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஊசியைக் கும்பிட்டேன், மறுநாள் லேகியத்தைக் கும்பிட்டேன். அதன் பிறகுதான் கண் மஞ்சளானது. டாக்டர் அன்றே ஊசியை நிறுத்தினார். நானும் அன்றே லேகியத்தை நிறுத்தினேன், யாரிடமும் சொல்லாமல். இப்போது மஞ்சள் இறங்கிவருகிறது. ஊசி நின்றதால் இறங்குகிறது என்று டாக்டர் நினைக்கிறார். இரண்டும் ஒரே நாளில் நின்றன. எதனால் ஏறியது, எதனால் இறங்குகிறது என்று எனக்கே இனித் தெரியாது. அப்படி ஒரு சந்தேகம் இருப்பதே டாக்டருக்குத் தெரியாது.

இதோடு போயிருந்தால் நம் வீட்டுத் தலையெழுத்து என்று இருந்திருப்பேன். போகவில்லை. அந்த மருந்து ஏறுகிறவர்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நிறுத்திவிட்டார்கள். மருந்து ஈரலைத் தாக்குகிறது என்று பம்பாய்க்கு எழுதிவிட்டார்களாம், அங்கிருந்து வேண்டாம் என்று பதில் வந்தால் எல்லா ஊரிலும் நிறுத்திவிடுவார்களாம். பாகூர் பக்கத்திலிருந்து அன்னக்கிளி என்று ஒருத்தி வருகிறாள், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், நடவு வேலை செய்கிறவள். கழுத்தில் கட்டி. அவளுக்கும் போய்த் திரும்பி வந்ததுதான். இந்த ஊசியில் அது எலுமிச்சம்பழத்திலிருந்து புளியங்கொட்டை ஆகியிருந்தது. வராந்தாவில் என்னைப் பார்த்ததும், ‘இன்னாக்கா, அண்ணன் மஞ்சக் கண்ணக் காட்டி எங்க எல்லாரையும் பட்டினி போட்டுட்டாரே’ என்று சிரித்தாள். கோபமே இல்லை அந்தப் பேச்சில். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். ‘மறுபடி தட்டுப்படுது பாரு. அண்ணனுக்குக் கண்ணு வெளுக்கணும்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கினு இருக்கேன். அவருக்கு வெளுத்தாதான எனக்கு ஊசி’ என்றாள். கை அங்கேயே இருந்தது. எடுக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ‘ஏங்க்கா இப்டி சில்லுனு இருக்குது ஒன் கை’ என்று கேட்டாள்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தட்டாஞ்சாவடியில் வாட்ச்மேன் வேலைக்குத் திரும்பிப் போவதைப் பற்றி அவராகவே பேசிக்கொண்டிருந்தார், மில் மூடிய பிறகு கிடைத்த வேலை, இடம் இன்னும் காலியாக வைத்திருக்கிறார்களாம். நடுவில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ‘ரத்தம் ஊறறதுக்குன்னுதான சொன்ன’ என்றார். பிறகு, ‘இத முசேகிட்ட சொன்னா ஊசி லிஸ்ட்டுலேர்ந்து என்ன எடுத்துடுவாங்க இல்ல’ என்றார். ஆமாம் என்றேன். ‘அப்ப சொல்லாத கமலா. கண்ணு தெளிஞ்சா மறுபடி ஏத்துவாங்க. எனக்குக் கேக்குற மருந்துடி அது.’ பம்பாயில் நிறுத்திவிட்டால் யாருக்குமே கிடைக்காதே, அன்னக்கிளிக்கு மறுபடி தட்டுப்படுகிறதே என்றேன். ‘அவளுக்கு அவ புருஷன் இருக்கான், அவன் பாத்துப்பான். நீ எனக்குப் பாரு’ என்றார். உன் அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மில் வேலைநிறுத்தத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சோறு வடிக்கச் சொன்னவர். விளக்கை அணைத்த பிறகு, ‘இப்ப எம்மாம் பெருசு இருக்குது அவளுக்கு’ என்று கேட்டார். கோலிகுண்டு அளவு என்றேன். அதற்குப் பிறகு அவர் தூங்கவே இல்லை.

அவர் மருந்தில் அவரைக் கேட்காமல் கை வைத்தேன். இப்போது வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பிறகும் கை வைக்கப் போகிறேனா என்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். எந்தப் பக்கம் நின்றாலும் ஒருவருக்குத் துரோகம். நீ இங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை. என் மேல் கோபப்படு, அது நியாயம். அப்பாவுக்கு எழுதும்போது மட்டும் எதுவும் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதே, அந்தப் பேச்சை நீ படித்தாய் என்று தெரிந்தால் குறுகிப்போவார்.

வேலைக்கு லீவு போட்டு ஓடி வராதே, வரவேண்டியிருந்தால் நானே தந்தி கொடுப்பேன். ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் காபியோடு படுக்காதே. குழந்தைக்குத் தமிழில் ஒரு வார்த்தையாவது தினம் சொல்லிக்கொடு, தாத்தா போட்டோவைக் காட்டிப் பேசு. உன் கை பட்ட நோயாளிகள் எல்லோரும் எழுந்து வீட்டுக்கு நடந்து போகட்டும், அந்தப் புண்ணியத்தில் நீ நன்றாக இரு. அவர்கள் வீட்டு ஆட்கள் யாராவது எதையாவது மறைப்பதுபோல் தெரிந்தால் அதட்டாதே. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் கேள்.

உன் அம்மா
கமலவேணி

இதை ஒட்டாமல் வைத்துவிட்டுக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடம் சொன்னேன். எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார், சொன்னேன். மிச்சமிருந்த லேகியத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு இனி அந்த ஊசி கிடையாது. மற்றவர்களுக்கு மறுபடி ஏற்றலாமா என்று கேட்டு இன்றைக்கே பம்பாய்க்குத் தந்தி கொடுக்கிறார்களாம், பதில் எப்படி வருமோ தெரியாது என்றார். வராந்தாவில் அன்னக்கிளி கூப்பிட்டாள், நான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சினேன். அது ஆறுவதற்குள் இந்த வரிகளை எழுதினேன். இப்போது கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவரிடம் சொல்லப் போகிறேன்.